வானொலியும் இணையவழி இசையும்: ஒரு வரலாற்று நோக்கு

இணையவழி இசைச்சேவைகள் பெருகிவரும் இக்காலத்தில் வானொலி இனி நிலைக்குமா என்னும் வினா அடிக்கடி எழுப்பப்படுகின்றது. விரும்பிய பாடலை விரும்பிய நேரத்திற் கைத்தொலைபேசியிலே கேட்க முடியுமாயின், பிறர் தெரிந்தெடுத்த பாடலுக்காகப் பிறர் குறித்த நேரத்தில் எவரேனும் காத்திருப்பரா என்பதே அவ்வினாவின் சாரம். வினா நியாயமானதே. ஆயினும் அது வானொலியைப் பாடல் வழங்கும் சாதனமாக மட்டுமே கொள்கின்றது. வானொலி என்றும் அவ்வாறுதான் இருந்ததா? இல்லையெனில், அந்நிலையை அது எப்போது, எக்காரணத்தால் அடைந்தது? எதிர்காலத்தைப் பற்றி ஊகம் செய்வதிலும் பார்க்க, நடந்து முடிந்தவற்றைக்கொண்டு இதனை ஆராய்வதே பொருத்தமாகும். அத்தகைய ஆய்வுக்கு இலங்கை வானொலியின் நூற்றாண்டு வரலாறு போல வாய்ப்பான களம் பிறிதொன்று கிடைப்பதரிது.

ஒரு சாதனம் இன்னொன்றை விழுங்கிவிடும் என்ற அச்சம் புதியதன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1920களில் வானொலி பரவியபோது அழியப்போவது இசைத்தட்டே என்று கருதப்பட்டது. 1927இல் 10 கோடிக்கு மேல் விற்பனையான இசைத்தட்டுகள் 1932இல் ஏறத்தாழ 60 இலட்சமாகச் சுருங்கின. இதிற் பொருளாதாரப் பெருமந்தத்தின் பங்கு பெரிது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், இலவசமாகக் காற்றில் வரும் இசைக்கு எவர் பணம் கொடுப்பர் என்ற கேள்வி அன்றும் கேட்கப்பட்டது. பத்தாண்டுகளில் அச்சம் திசைமாறிற்று. வானொலி நிலையங்கள் வாத்தியக் கலைஞர்களை விடுத்து இசைத்தட்டுகளையே சுழற்றத் தொடங்கியமையால், 1942 ஆகஸ்ட் 1ஆம் திகதி முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம், ஜேம்ஸ் பெற்றில்லோவின் தலைமையில், ஒலிப்பதிவுக்கு வாசிக்க மறுத்து நீண்ட வேலைநிறுத்தத்தில் இறங்கியது. முன்னர் இசைத்தட்டை வானொலி கொல்லும் என்றனர். பின்னர் வானொலிக் கலைஞனை இசைத்தட்டுக் கொல்லும் என்றனர். நடந்ததோ வேறு. 1950களிலே தொலைக்காட்சி வந்து வானொலியின் நாடகத்தையும் நகைச்சுவையையும் கவர்ந்துகொண்டது. அமெரிக்க வலையமைப்புகளின் எஞ்சிய தொடர்நாடகங்கள் 1962 செப்டெம்பர் 30ஆம் திகதியுடன் நின்றுபோயின. நாடகத்தை இழந்த வானொலி பாடலிற் புகலடைந்தது. இன்று நாம் வானொலி எனக் கண்டு பழகிய உருவம், அதாவது இடைவிடாத பாடலும் இடையிடையே பேச்சும் விளம்பரமும் கொண்ட உருவம், வானொலியின் பிறவி இயல்பன்று. தொலைக்காட்சியின் தாக்கத்தால் அது பின்வாங்கி நின்ற இடம். இணையம் இப்போது வந்து கேட்பது அந்தப் புகலிடத்தையே.

இலங்கையில் இவ்வரலாறு வேறு வரிசையில் நிகழ்ந்தது. இங்கு வானொலி பிறந்ததே பாடலுடன்தான். தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராயிருந்த எட்வேட் ஹாப்பர், கொழும்பு மத்திய தந்திக் காரியாலயத்தின் சிறிய அறையொன்றிலிருந்து பரீட்சார்த்தமாக ஒலிபரப்பியது கிராமபோன் இசையையே. முதலாம் உலகப்போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உதிரிகளும் அவரது பரப்பியிலே பயன்பட்டனவெனக் கூறப்படும். 1925 டிசெம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய வானொலி நிலையங்களுள் ஒன்றாக இது மதிக்கப்படுவதற்கு அத்திகதியே ஆதாரம். ஆனால் அதன் பின்னரான இருபது ஆண்டுகளில் அது வசதிபடைத்த சிலரின் வரவேற்பறைப் பொருளாகவே இருந்தது.

மாற்றத்தைக் கொணர்ந்தது போர். தென்கிழக்காசியக் கட்டளைப் பீடத்தின் படையினருக்காகப் பிரித்தானியர் நிறுவிய சீயாக் வானொலியின் 100 கிலோவாற்றுச் சிற்றலைப் பரப்பி ஏக்கலையில் நின்றது. படைகள் கலைந்தபின் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. சிறியதொரு தீவின் தேவைக்கு மிக மிஞ்சிய வலு அது. 1949இல் ‘ரேடியோ சிலோன்’ தனித் திணைக்களமாயிற்று. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. கொழும்புத் திட்டத்தின்கீழ் வந்த அவுஸ்திரேலியரான கிளிபோட் டொட் அதனை வழிநடத்தினார். அயல்நாட்டுச் சந்தையை நோக்கி விளம்பரம் செய்யும் வாய்ப்பை இப்பரப்பி அளித்தது. ஆயினும் வாய்ப்பை வெற்றியாக்கியது இலங்கையர் செய்த எதுவுமன்று. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஒரு தீர்மானம்.

1952இல் இந்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், சாஸ்திரிய சங்கீதத்திற் பற்று மிகுந்தவர்; திரையிசையை இழிவானதாகக் கருதியவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களின் பங்கு குறைக்கப்பட்டது. படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகுமென்று அதுவும் நிறுத்தப்பட்டது. வெகுண்ட படத்தயாரிப்பாளர்கள் ஒலிபரப்பு அனுமதியை மீளப்பெற்றனர். திரைப்பாடல் அவ்வானொலியிலிருந்து அநேகமாக மறைந்தது. பாடலைத் தேடிய நேயர்கள் முள்ளைத் திருப்பினர்; அது கொழும்பில் வந்து நின்றது. அதே ஆண்டின் டிசெம்பரில் அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ தொடங்கிற்று. நிகழ்ச்சி பம்பாயில் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, நாடா விமானத்திற் கொழும்புக்கு வந்து, இங்கிருந்து சிற்றலையில் மீண்டும் இந்திய வீடுகளுக்குச் சென்றது. தன் நாட்டு நேயனைத் தன் நாட்டுப் பாடலுடன் சந்திப்பதற்கு ஒரு நிகழ்ச்சி கடல்கடக்க வேண்டியிருந்தமை ஒலிபரப்பு வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

ஆயின் இவ்வெற்றியின் அடித்தளம் எத்தகையது? பிறர் மறுத்ததை நாம் வழங்கினோம். பிறர் மறுப்பதை நிறுத்தும்வரை அது நிலைக்கும். 1957 அக்டோபர் 3ஆம் திகதி இந்தியா ‘விவித பாரதி’யைத் தொடக்கித் திரையிசைக்கு மீண்டும் கதவு திறந்தது, 1967இல் அதிலே விளம்பரத்துக்கும் இடமளித்தது. கொழும்பின் வருவாய்க்கு ஆதாரமாயிருந்த இரண்டும் இவ்வாறு பங்கிடப்பட்டன. பின்னர் கசெற் வந்தது. 1970களின் பிற்பகுதி முதல் கடைத்தெருவில் விரும்பிய பாடல்களைச் சொல்லிப் பதிவுசெய்விக்கும் வழக்கம் பரவியதும், விரும்பிய பாடலை விரும்பிய நேரத்திற் கேட்கும் உரிமை, இன்று இணையத்தின் கொடையாகப் பேசப்படும் அதே உரிமை, சாமானியன் கைக்கு எட்டிவிட்டது. 1989இல் கீத்மாலாவும் விவித பாரதிக்குச் சென்றது. எனவே பாடல் வழங்கும் ஏகபோகத்தை வானொலி இணையத்திடம் இழக்கவில்லை. இணையம் பிறப்பதற்கு முன்னரே இழந்துவிட்டது.

இனி, தமிழ் ஒலிபரப்பை நோக்குவோம். இதன் புகழும் பெருமளவு திரைப்பாடலாலே வந்தது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். தமிழகத்தின் தென்கரையோர ஊர்களிலே எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், இராஜேஸ்வரி சண்முகம் முதலியோரின் குரல்கள் உறவினர் குரல்போற் பழகியிருந்தமை பலரும் அறிந்ததே. ஆனால் ‘பொங்கும் பூம்புனல்’, ‘நீங்கள் கேட்டவை’, ‘இசையும் கதையும்’, ‘பாட்டுக்குப் பாட்டு’ என்னும் நிகழ்ச்சிகளைச் சற்று ஆழ்ந்து நோக்கின், அவற்றிலே பாடல் பொருளாக அமைந்ததைவிடச் சாட்டாக அமைந்ததே மிகுதி எனத் தோன்றும். ‘நீங்கள் கேட்டவை’க்கு அஞ்சலட்டை எழுதிய ஒருவர் அப்பாடலை அதற்கு முன் பலமுறை கேட்டிருப்பார், பின்னும் கேட்பார். அவர் காத்திருந்தது பாடலுக்காக மட்டுமன்று. தம் பெயரும், தம் வீட்டார் பெயரும், தம் ஊர்ப்பெயரும் நாடு முழுவதும் ஒரே கணத்தில் ஒலிக்கும் என்பதற்காகவே. முதியோரிடம் விசாரித்தால், எந்தப் பாடலைக் கேட்டிருந்தார் என்பதை மறந்தவரும், தம் பெயர் வாசிக்கப்பட்டதை அயலார் ஓடிவந்து சொன்னதை மறக்காதிருப்பது தெரியவரும். ‘இசையும் கதையும்’ நிகழ்ச்சியில் நேயர் எழுதிய கதைக்குப் பாடல்கள் துணைநின்றன. ‘பாட்டுக்குப் பாட்டு’ப் போட்டியிற் பாடல் நினைவாற்றலின் கருவியாயிற்று. பாடலைச் சுற்றி மனிதரைக் கூட்டும் கலையே அங்கு நடந்தது.

நாடகம் இன்னொன்று. ‘சானா’வின் தயாரிப்பில் வந்த ‘லண்டன் கந்தையா’, சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’, பின்னர் திரைப்படமாகவும் உருப்பெற்ற ‘கோமாளிகளின் கும்மாளம்’ ஆகியன ஈழத்துப் பேச்சுவழக்குகளைச் செவிக்குரிய கலையாக்கின. யாழ்ப்பாணப் பேச்சு, மலையகப் பேச்சு, முஸ்லிம்களின் பேச்சு என்பன ஒன்றையொன்று கேட்டுச் சிரிக்கவும் இரங்கவும் இடமளித்த பொது மேடை அக்காலத்தில் வானொலியைவிட வேறெது இருந்தது? அமெரிக்காவில் 1962உடன் முடிவெய்திய நாடகக்கலை இங்கு 1970களிலும் செழித்ததற்குக் காரணம் நமது தனிச்சிறப்பு என்று பெருமை கொள்வதற்கில்லை. இங்கு தொலைக்காட்சி 1979இலேதான் வந்தது. ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலே தொடங்கிற்று. போட்டியாளன் தாமதித்து வந்தமையால் இருபதாண்டு அவகாசம் கிடைத்தது. அவ்வவகாசத்தை நம்மவர் வீணாக்கவில்லை என்பதே சிறப்பு.

இவ்விடத்தில் ஒரு குறையையும் சொல்லாதிருத்தல் நேர்மையாகாது. வானொலியின் பாடல் நேரம் பெரிதும் தென்னிந்தியத் திரையிசைக்கே ஒதுக்கப்பட்டது. ஆர். முத்துசாமி, எம். கே. ரொக்சாமி, கண்ணன் முதலியோரின் இசையமைப்பில் உருவான ஈழத்து மெல்லிசையும், நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடிய பொப்பிசையும் அந்த வெள்ளத்தினிடையே கிடைத்த இடத்தில் நின்றன. இதற்காக விமரிசகர் வானொலி அதிகாரிகளைக் கண்டித்தனர். கண்டனத்தின் பயனாகச் சிற்சில நேரங்கள் ஒதுக்கவும்பட்டன. ஈண்டு கவனிக்கத்தக்கது யாதெனில், வாயிலில் ஒரு மனிதன் நின்றான் என்பதே. அவன் பிழைவிட்டான், பாரபட்சம் காட்டினான், ஆனால் அவனுடன் வாதாட முடிந்தது.

இணையவழி இசைச்சேவையின் வாயிலில் நிற்பவர் எவர்? சுவீடனில் 2006இல் நிறுவப்பட்டு, 2008இல் சேவையைத் தொடங்கி, 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்த ஸ்பொட்டிபையை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு பாடல் 30 விநாடியேனும் ஒலித்தாலே ஒரு தடவை கேட்கப்பட்டதாகக் கணிக்கப்படும். திரளும் பணம் ஒரு பொதுக்குளத்திற் சேர்ந்து, கேட்கப்பட்ட விகிதப்படி பங்கிடப்படும். 2024ஆம் ஆண்டு முதல், முந்திய 12 மாதங்களில் 1000 தடவையேனும் கேட்கப்படாத பாடலுக்கு அதன் ஒலிப்பதிவு உரிமைப்பணம் கொடுபடுவதில்லை. கேட்போரின் பழைய விருப்பத்தைக் கணித்து அடுத்த பாடலைக் கணினியே முன்வைக்கின்றது. சென்னையில் உருவாகும் திரைப்பாடலுக்கு 1000 என்பது ஒரு நிமிடக் கணக்கு. மட்டக்களப்பிலோ ஹற்றனிலோ ஓர் இளைஞர் குழு பதிவுசெய்யும் பாடலுக்கு அது எளிதன்று. இங்கு அநீதி செய்தவன் என எவனையும் சுட்ட முடியாது. அஞ்சலட்டை அனுப்புவதற்கும் முகவரி இல்லை.

இதனால் இணையம் தீங்கென்று முடிவுகட்டுவது அவசரமாகும். கிடைத்தற்கரிய ஈழத்துப் பழம்பாடல்களை இன்று நாம் கேட்க முடிவது, தம்மிடமிருந்த இசைத்தட்டுகளையும் கசெற்றுகளையும் யூரியூப்பிலே ஏற்றிவைத்த தனிமனிதராலேயே. ரொறன்ரோவில் இருப்பவரும் திருகோணமலையில் இருப்பவரும் ஒரே பதிவைக் கேட்கலாம். வானொலி நிலையங்கள் தம் களஞ்சியங்களைப் பூட்டிவைத்திருந்த காலத்தில், அவற்றின் கடமையைச் செய்தவர்கள் நேயர்களே என்பது என் துணிபு. காந்த ஒலிநாடா காலத்தாற் பழுதுபடும் பொருள் என்பது எல்லாரும் அறிந்ததே. ஒலிநாடாவில் மட்டும் வாழ்ந்த குரல்கள் எத்தனையோ.

பாடலுக்காக அன்றி வானொலி கேட்கப்பட்ட காலமொன்றும் நமக்கு இருந்தது. 1990இற் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதியில் மின்சாரம் அற்றுப்போயிற்று. பற்றரியும் அங்கு கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. யாழ்ப்பாணத்து மக்கள் சைக்கிளை நிறுத்திவைத்து, மிதிபடியைச் சுற்றி, டைனமோவிலிருந்து பெற்ற மின்னாலே வானொலிப் பெட்டியை இயக்கினர். ஒருவர் மிதிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். பி.பி.சி. தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியையும் அவர்கள் நாடியது இன்னிசைக்காகவன்று. அடுத்த ஊரில் என்ன நடந்தது என்பதை அறியவே. அரை மணிநேரச் செய்திக்கு அரை மணிநேரம் மிதிக்க வேண்டும். தாம் கேட்கும் அதே கணத்தில் கொழும்பிலும் இலண்டனிலும் உள்ள உறவினரும் அதையே கேட்கின்றனர் என்ற உணர்வும் அதிற் கலந்திருந்தது. ஒரே நேரத்திற் கேட்டல் என்னும் இவ்வியல்பு வானொலியின் தொழினுட்பக் குறைபாடு போலத் தோன்றும். அதனைக் குறையெனக் கருதியே இணையச்சேவைகள் நீக்கின. டைனமோ மிதித்தவனுக்கு அது குறையன்று.

1941இல் தொடங்கிய அந்தத் தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017இல் நிறுத்தப்பட்டது. கேட்போர் ஒருநாள் ஒருங்கே எழுந்து போய்விட்டமையால் அன்று. இணையத்துக்கும் காணொளிக்கும் பணத்தைத் திருப்ப வேண்டுமென்று நிறுவனம் கருதியமையால். அதே 2017இல் நோர்வே தன் தேசிய வானொலிகளின் பண்பலைப் பரப்பிகளை நிறுத்தியது. ஆனால் வானொலியை நிறுத்தவில்லை, எண்முறை ஒலிபரப்புக்கு மாற்றியது. பரப்பியின் மறைவும் வானொலியின் மறைவும் ஒன்றெனக் கொள்வது பிழை என்பதை இவ்விரண்டையும் ஒப்பிடுவோர் உணர்வர்.

இணையம் நம்பத்தக்கதா என்பதையும் அண்மைக்கால அனுபவம் கொண்டு சொல்லலாம். 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னரும், 2022 ஏப்ரிலிலும் இந்நாட்டில் சமூக ஊடகங்கள் அரசாணையால் முடக்கப்பட்டன. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியபோது தொலைபேசிக் கோபுரங்களும் தளர்ந்தன. இரண்டு பற்றரியில் இயங்கும் சிறு பெட்டி அந்நாள்களில் தன் வேலையைச் செய்தது. வானொலியும் அரசின் கையிலகப்படக் கூடியதே. அகப்பட்ட வரலாறும் நீண்டது. ஆயினும் ஒலிபரப்பைக் கேட்பவன் எவன் என்பதை ஒலிபரப்புபவன் அறியான். இணையத்திற் கேட்பவனுக்கு அந்த மறைவு இல்லை.

அவ்வாறாயின் வினாவுக்கு விடை யாது? 1990களில் அனுமதி பெற்ற தனியார் பண்பலைகளும், 1998ஆம் ஆண்டளவிற் தொடங்கிய தனியார் தமிழ் வானொலிகளும், முன்னர் அமெரிக்கா சென்றடைந்த அதே புகலிடத்தையே சென்றடைந்தன. தொலைக்காட்சி நாடகத்தை எடுத்துக்கொண்டது. பாடல் மலிவாகக் கிடைத்தது. தொலைபேசி அஞ்சலட்டையின் இடத்தைப் பிடித்தது. பாடலைத் தவிர வேறெதுவும் அற்ற வானொலியின் இடத்தை இணையம் நிச்சயம் பிடித்துக்கொள்ளும். அதற்காக இரங்குவதற்கும் நியாயம் காணேன். ஏனெனில் அவ்வேலையை இணையம் திறம்படச் செய்கின்றது. பாடலைச் சாட்டாகக்கொண்டு மனிதரைக் கூட்டிய வானொலியின் வேலையோ இன்று வெறுமையாகக் கிடக்கின்றது. அதனை எவரும் பறிக்கவில்லை. செய்வதற்கு ஆளில்லை.

இக்கட்டுரைக்காக விடுதி நண்பர் மூவருடன் சேர்ந்து, தமிழ்ப் பண்பலையொன்றை ஒரு நாள் காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை முறைவைத்துக் கேட்டுக் குறிப்பெடுத்தோம். வெளிவந்து ஒரு மாதமும் ஆகாத ஒரு திரைப்பாடல் அன்று ஐந்து தடவை வந்தது. ஈழத்துப் பாடல் ஒன்று வந்தது. பாடியவர் பெயர் சொல்லப்படவில்லை. மாலையில் வவுனியாப் பக்கத்திலிருந்து நடுத்தர வயதுடைய ஒருவர் தொலைபேசியில் இணைந்தார். எடுத்த எடுப்பிலே, இரண்டு நாளாய் மழையென்றும், குளம் வான்பாயத் தொடங்கிவிட்டதால் அந்தப் பாதையால் வருபவர்கள் சுற்றி வரவேண்டுமென்றும் கூறினார். அறிவிப்பாளர் சிரித்து, மழைக்கேற்ற நல்ல பாடலொன்று கேளுங்கள் அண்ணா என்றார். அவர் சற்றுத் தயங்கி, எதையாவது போடுங்கோ தம்பி என்றார்.